சிறு நியமமும் பெருநலமும்: பெஞ்சமின் பிராங்கிளின் வரலாறு

உலகத்து மக்கள் அனைவரும் வேண்டுவது இன்பம் ஒன்றே. ஆயினும் அதனை எங்கே தேடுவது என்பதிற் பெரும்பாலோர் பிழைபடுகின்றனர். புதையல் கிடைத்தல், அரசராற் சிறப்பெய்தல், எதிர்பாராத ஆக்கம் வந்துறுதல் முதலிய பெருநிகழ்ச்சிகளையே இன்பத்திற்கு வாயிலெனக் கருதி, அவை வருங்காறும் வாணாளை வறிதே கழிப்பர். அத்தகைய நிகழ்ச்சிகள் ஒருவன் வாழ்நாளில் ஒருமுறை வருதலும் அரிது. வைகறை தொடங்கி இரவுகாறும் நாடொறும் நிகழும் சிறு செயல்களோ எண்ணில. இவற்றைச் செம்மைசெய்து கொண்டவனுக்கு நலம் நாடொறும் வரும். செய்யாதவனுக்குப் பெருஞ்செல்வம் வரினும் அது நில்லாது.

நித்திய நியமங்களின் அருமையை வழிவழியாக அறிந்துவரும் நம்மனோர்க்கு இது புதிய பொருளன்று. எனினும், வேற்று நாட்டிற் பிறந்து, அச்சுத் தொழிலாளராய் வாழ்வு தொடங்கிய ஒருவர், தம் அறிவின் முயற்சியாலே இவ்வுண்மையை ஆராய்ந்து கண்டு, அதனைத் தம்மிடத்தே வைத்துச் சோதித்து, தாம் எய்திய பயனையும் எய்தாத குறையையும் ஒளியாது எழுதிவைத்தனர் எனின், அவர் வரலாறு நாம் ஆராய்தற்கு உரியதேயாம். அவர் அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்கிளின் என்பவர். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்றும், தம் நாட்டின் விடுதலைக்கு உழைத்தவர் என்றும் அவரை உலகம் அறியும். அப்பெருஞ்செயல்களை விரித்தல் ஈண்டு எமது கருத்தன்று. அவரது நாள்வாழ்க்கை எங்ஙனம் அமைந்தது என்பதையே ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் பாஸ்டன் நகரத்திற் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தே ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ஜோசையா என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறி, மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்று வாழ்ந்தவர். அவர்க்குப் பிறந்த மக்கள் பதினெழுவர். அவருட் பிராங்கிளின் பதினைந்தாமவர், ஆண்மக்களுள் இளையவர். குடும்பச் செலவு மிகுதியால் அவரது பள்ளிப் படிப்பு பத்தாம் வயதிலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வயதிலே, அச்சுக்கூடம் நடத்திய தமையனார் ஜேம்ஸ் என்பவரிடம் தொழில் பயிலும்படி விடப்பட்டார்.

பள்ளி நின்றதேயன்றிக் கல்வி நிற்கவில்லை. பகலெல்லாம் அச்சுக்கூட வேலை. அதற்கு முன்னுள்ள விடியற்பொழுதும், பின்னுள்ள இரவும், வார விடுமுறை நாளுமே அவர்க்குரியன. அச்சிறு பொழுதுகளில் அவர் உரைநடை பயின்ற முறை கருதத்தக்கது. ஸ்பெக்டேட்டர் என்னும் ஆங்கிலப் பத்திரிகைத் தொகுதி ஒன்று அவர்க்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையொன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சின்னாள் கழித்து, மூலத்தைப் பாராமலே, அக்குறிப்புக்களைக் கொண்டு கட்டுரை முழுவதையும் தம் சொற்களால் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்புநோக்கித் தம் பிழைகளைக் கண்டு திருத்துவார். சிலபோது குறிப்புக்களை முறைபிறழக் கலைத்து வைத்து, மீண்டும் ஒழுங்குபடுத்துவார். ஆசிரியர் ஒருவரும் உடனிருந்து கற்பித்திலர். பின்னாளில் ஆங்கில உரைநடையில் வல்லார் எனப் புகழப்பெற்றமைக்கு இச்சிறு பயிற்சியே வித்தாயிற்று.

பதினாறாம் வயதளவில், புலாலுணவை விலக்கி மரக்கறியே உண்ணுதல் நன்றென்று கூறும் நூலொன்றை அவர் படித்து, அவ்வாறே ஒழுகத் துணிந்தார். தம் உணவின்பொருட்டு வேறிடத்திற் கொடுக்கப்படும் தொகையிற் பாதியைத் தம்மிடம் தந்தால் தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்வதாகத் தமையனாரிடம் கூறினார். அவரும் இசைந்தார். அப்பாதியிலும் ஒரு பாதியைப் பிராங்கிளின் மீத்து நூல்கள் வாங்கினார். ஏனையோர் உணவுக்குச் சென்ற வேளையிலே, ரொட்டித் துண்டும், ஒருபிடி உலர்ந்த திராட்சையும், ஒரு குவளை நீருமே உணவாகக் கொண்டு, எஞ்சிய பொழுதைப் படிப்பிற் செலவிட்டார். பொருளும் பொழுதும் மீந்ததோடு, அளவறிந்து உண்டமையால் அறிவும் தெளிவுற்றது என்று அவர் கண்டார்.

இந்நோன்பு நெடுங்காலம் பிழையாது நின்றதென்று கூறுதற்கில்லை. பாஸ்டனை விட்டுக் கப்பலிற் செல்லும்போது, உடன்வந்தோர் கடல்மீனைப் பிடித்துப் பொரித்தனர். அதன் மணம் அவரை வருத்திற்று. பெருமீனின் வயிற்றில் சிறுமீன்கள் இருத்தலைக் கண்டு, ஒன்றையொன்று தின்னும் இவற்றை யாம் தின்றால் என்னை என்று தமக்குத் தாமே நியாயம் கற்பித்துக்கொண்டு உண்டார். மனம் விரும்பியதற்கெல்லாம் அறிவு காரணம் தேடித் தந்துவிடும் என்பதை அவரே பின்னாளில் நகையோடு எழுதினார். தம் வழுக்களை மறையாது கூறும் இவ்வியல்பே அவர் வரலாற்றுக்குச் சிறப்பளிப்பது.

நீர் பருகிய தொழிலாளர்

தமையனாரோடு மனவேறுபாடு முதிரவே, 1723-இல், தம் பதினேழாம் வயதில், பிராங்கிளின் வீட்டை நீங்கிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். கையில் இருந்தது ஒரு டாலரும் சில செப்புக் காசுகளுமே. மறுவாண்டு இலண்டன் மாநகர் சென்று அச்சுக்கூடங்களிற் பணிபுரிந்தார். அங்கே உடன் உழைத்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். யாவரும் பீர் என்னும் மதுவைப் பெரிதும் பருகுவோர். ஒருவர் நாளொன்றுக்கு ஆறுமுறை பருகினர். உழைப்புக்கு வலிமை வேண்டுமாதலின் அது இன்றியமையாதது என்றும் கூறினர். பிராங்கிளின் நீரன்றி வேறு பருகார். ஆயினும் அவர்கள் இருகையாலும் ஓர் அச்சுச்சட்டத்தைத் தூக்கிப் படியேறும்போது, இவர் கைக்கொன்றாக இரண்டினைத் தூக்கி ஏறுவார். இவரது வலிமையைக் கண்டோர் வியந்தனர்.

பிறரை அவர் கடிந்துரைத்து மாற்ற முயன்றிலர். வெந்நீரிற் காய்ச்சிய கஞ்சியில் ரொட்டித் தூளும் சிறிது வெண்ணெயும் மிளகும் சேர்ந்த காலையுணவு, ஒரு குவளை பீரின் விலைக்கே கிடைத்தது. அதனை அவர் உண்பதைக் கண்ட பலர், தாமும் அவ்வாறே உண்ணத் தலைப்பட்டனர். அவர்கட்குக் காலையுணவும் நன்றாயிற்று, தலைமயக்கமும் இல்லையாயிற்று. மதுவை விடாதவரோ வாரந்தோறும் கூலியில் ஒரு பகுதியை இழந்து, வறுமையினின்றும் மீளாதிருந்தனர். ஒருவர் செல்வராவதும் வறியராவதும் இத்தகைய சிறு வழக்கங்களால் என்பதை அவர் கண்ணாற் கண்டார்.

பதின்மூன்று நற்குணங்கள்

1726-இற் பிலடெல்பியாவுக்கு மீண்ட பிராங்கிளின், நாளடைவில் தமக்கென அச்சுக்கூடம் அமைத்து, 1729 முதல் பத்திரிகையும் நடத்தினார். தொழில் நிலைபெற்றுவந்த அக்காலத்திலேதான், குற்றமின்றி வாழவேண்டும் என்னும் பேரெண்ணம் அவர்க்கு உண்டாயிற்று. நல்லது இது, தீயது இது என்று அறிந்தபின், நல்லதையே செய்து தீயதை ஒழித்தல் எளிதென அவர் முதலிற் கருதினார். ஒரு குற்றத்தைக் காத்து நிற்கையில் மற்றொன்று அறியாமலே புகுந்துவிடுவதையும், அறிவு அயர்ந்த வேளையில் பழக்கமே ஆளுவதையும் கண்டபின்னரே உண்மை விளங்கிற்று. நல்லனாக வேண்டும் என்னும் விருப்பம் மட்டும் போதாது. தீய பழக்கத்தை முறித்து, நல்ல பழக்கத்தை அதனிடத்தே நாட்டல் வேண்டும். அதற்கு ஒரு முறை வேண்டும்.

அம்முறையை அவர் வகுத்தவாறு வருமாறு. மிதவுணவு, பயனில சொல்லாமை, ஒழுங்கு, உறுதி, செட்டு, முயற்சி, வாய்மை, நீதி, மிகைபடாமை, தூய்மை, மனவமைதி, கற்பொழுக்கம், பணிவு எனப் பதின்மூன்று குணங்களைத் தெரிந்தெடுத்தார். முதலில் எழுதியவை பன்னிரண்டே. நண்பர் ஒருவர், நீர் செருக்குடையீர் என்று பலரும் எண்ணுகின்றனர் எனச் சான்றுகளோடு எடுத்துக்காட்டவே, பணிவு இறுதியிற் சேர்ந்தது. மிதவுணவை முதற்கண் வைத்தமைக்குக் காரணம் உண்டு. அது அறிவுக்குத் தெளிவு தரும். அத்தெளிவு இருந்தாலன்றிப் பழைய பழக்கங்களின் இழுப்பை விழிப்போடு காத்து நிற்றல் இயலாது என்பது அவர் கருத்து.

சிறிய கையேடு ஒன்றில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையாற் கோடிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பத்திகளும், பதின்மூன்று குணங்களுக்கும் பதின்மூன்று வரிகளும் அமைத்தார். நாடொறும் இரவில் தம் ஒழுக்கத்தை ஆராய்ந்து, வழுவிய இடத்திற் கரும்புள்ளி இடுவார். வாரத்துக்கு ஒரு குணமாக எடுத்து, அதன் வரியிற் புள்ளி விழாதபடி காத்தலே அவ்வாரத்து நோன்பு. ஏனையவற்றை வழக்கம்போல விட்டு, அவற்றின் வழுக்களையும் குறித்துக்கொள்வார். இங்ஙனம் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுக்கள். தோட்டத்துக் களையை ஒரே நாளிற் களைய முயலாது, பாத்தி பாத்தியாகக் களைபவனை ஒத்தது இம்முறை.

நாட்பொழுதுக்கும் ஒரு திட்டம் வரைந்தார். வைகறை ஐந்து மணிக்கு எழுதல். உடல் தூய்மைசெய்து கடவுளை வழிபட்டு, இன்று யான் செய்யத்தக்க நன்மை யாது என்று தம்மைத் தாமே வினவுதல். அன்றைய பணியை வகுத்தல். எட்டு மணிமுதல் தொழில். நண்பகலில் இரண்டு மணிநேரம் படித்தலும், கணக்குப் பார்த்தலும், உண்டலும். மீண்டும் ஆறு மணிவரை தொழில். பின்னர்ப் பொருள்களை அவ்வவற்றின் இடத்தில் வைத்து, இசையும் உரையாடலுமாகப் பொழுது கழித்து, இன்று யான் செய்த நன்மை யாது என்று ஆராய்தல். பத்து மணிக்கு உறக்கம். விடியலில் ஒரு வினா, இரவில் ஒரு வினா. இவ்விரண்டுக்கும் இடையே அடங்கியது அவரது நாள்.

பயன் யாதாயிற்று? தம்மிடம் தாம் எண்ணியதினும் மிகுதியான குற்றங்கள் இருத்தலைக் கண்டு அவர் வியந்தார். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி ஏட்டில் துளைகள் விழுந்தன. அதனால் தந்தத் தகடுகளாலான ஏட்டில் அழியாத சிவப்புக் கோடிட்டு, பென்சிலாற் புள்ளியிட்டு, ஈரப்பஞ்சால் துடைத்துக்கொள்ளும்படி மாற்றினார். எல்லாவற்றினும் ஒழுங்கு என்னும் குணமே அவரைப் பெரிதும் அலைக்கழித்தது. இளமையிற் பொருளை இடமறிந்து வைக்கும் வழக்கம் அவர்க்கு இல்லை; நினைவாற்றல் மிகுதியால் அதன் குறையும் தோன்றவில்லை. முதுமையில் நினைவு குறைந்தபோது அதன் வருத்தத்தை உணர்ந்தார். செருக்கும் அவ்வாறே; எத்துணை அடக்கினும் அது மறைந்து நின்று தலைகாட்டுகின்றது என்றும், அதனை வென்றுவிட்டதாக எண்ணினால் அவ்வெண்ணமே ஒரு செருக்காகும் என்றும் எழுதினார். ஆயினும் உரையாடலில் இது உறுதி, இதில் ஐயமில்லை என்பன போன்ற சொற்களை விலக்கி, எனக்கு இவ்வாறு தோன்றுகின்றது என்றே பேசப் பழகினார். அதனால் அவர் கூறுவனவற்றைப் பிறர் மகிழ்ந்து கேட்டனர். பிழைபட்டபோது நாணமும் குறைந்தது.

நிறைவை அடைந்திலேன், ஆயினும் முயலாதிருந்தால் இருந்திருக்கும் நிலையினும் நல்லனாகவும் இன்பமுடையவனாகவும் ஆயினேன் என்பதே அவர் கண்ட முடிவு. இதனை அவர் 1784-இல், பிரான்சு தேசத்தில், 79-ஆம் வயது நடக்கும்போது எழுதினார். தம் நெடிய உடல்நலத்தை மிதவுணவுக்கும், செல்வத்தை முயற்சிக்கும் செட்டுக்கும், பிறர் அன்பை இன்சொல்லுக்கும் காரணங்காட்டி வகுத்துரைத்தார்.

துடைப்பமும் சவரக்கத்தியும்

தமக்குப் பயன்பட்ட இம்முறையைப் பிறர் நலத்திலும் அவர் கையாண்டார். பிலடெல்பியாவின் கடைத்தெருவிற் கல் பரவியபின், அதன் தூய்மையைக் காக்க ஓர் ஏழையைத் தேடி, வாரம் இருமுறை பெருக்கும்படியும், அதற்கு வீடொன்றுக்குத் திங்கள்தோறும் ஆறு பென்னி கொடுக்கும்படியும் ஏற்பாடு செய்தார். சேறு வீட்டினுள் வாராமையும், கடைப்பொருள்மீது புழுதி படியாமையும் கண்டு அயலார் மனமுவந்து கொடுத்தனர்.

பின்னர் இலண்டனில் வாழ்ந்தபோது, ஒருநாட் காலை தம் வாயிலில் மெலிந்த பெண்ணொருத்தி தெருவைப் பெருக்கக் கண்டார். நோயினின்றும் அப்பொழுதே எழுந்தவள். கூலியாகக் கிடைப்பதை எதிர்நோக்கிப் பெருக்கினாள். தெருமுழுவதும் பெருக்கினால் ஒரு ஷில்லிங் தருவதாக அவர் கூறினார். அப்பொழுது மணி ஒன்பது. நண்பகலில் அவள் கூலிக்கு வந்து நின்றாள். வேலை இத்துணை விரைவில் முடிந்ததை நம்பாது ஆளனுப்பிப் பார்க்க, தெரு முழுவதும் தூய்மையாய், குப்பை நடுக்காலில் ஒதுக்கப்பட்டிருந்தது. வலியற்ற ஒரு பெண் மூன்று மணியிற் செய்வதை வலியுடையான் ஒருவன் அதிற் பாதிப் பொழுதிற் செய்யலாம் எனக் கணக்கிட்டு, நகரத் தெருக்களைத் தூய்மை செய்தற்கு ஒரு திட்டம் எழுதினார்.

இத்தகைய சிறுகாரியங்களைப் பேசுதல் அற்பமன்றோ என்று நகுவாரை நோக்கி அவர் விடை கூறுகின்றார். காற்று வீசும் ஒருநாளில் ஒருவன் கண்ணிற் புழுதி விழுதல் சிறிதே. பேரூரில் எண்ணற்றோர்க்கு, பலமுறை அது நிகழ்தல் சிறிதன்று. மக்களின் இன்பம், அரிதின் வரும் பெரும்பேறுகளால் அமைவதினும், நாடொறும் வரும் சிறு நன்மைகளாலேயே மிகுதியும் அமைகின்றது. ஆதலின், வறிய இளைஞன் ஒருவனுக்கு ஆயிரம் பொற்காசு கொடுப்பதினும், தானே சவரம் செய்துகொள்ளவும் சவரக்கத்தியைச் செம்மையாக வைத்துக்கொள்ளவும் கற்பித்தல் அவன் இன்பத்துக்குப் பெரிதும் உதவும். பொன் விரைவிற் செலவாகும். அதனை வீணாக்கினோமே என்னும் வருத்தமே எஞ்சும். கற்றதோ நாடொறும் பயன்தரும். இவ்வாறு அவர் தம் வரலாற்றில் விளக்கியுள்ளார்.

நியமத்தின் எல்லை

சிறு நியமங்களால் துன்பமே வாராது காக்கலாம் என்று எவரேனும் கருதின் அது பிழை. 1736-இற் பிராங்கிளினின் மகன் பிரான்சிஸ், நான்கு வயதில், அம்மைநோயால் இறந்தான். அந்நோய்க்குத் தடுப்பாக அந்நாளில் வழங்கிய அம்மைகுத்தலை அவனுக்குச் செய்வியாது விட்டமையைத் தந்தையார் வாழ்நாள் முழுதும் நினைந்து வருந்தினார். பிற பெற்றோரேனும் அத்தவற்றைச் செய்யாதிருக்க வேண்டுமென்று அதனைத் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். 1774-இல் அவர் மனைவியார் டெபோரா இறந்தபோது, அவர் கடல்கடந்து இலண்டனில் இருந்தார். நாட்டு விடுதலைப் போரில் மூத்த மகன் வில்லியம் ஆங்கில அரசன் பக்கம் நின்றமையால், தந்தைக்கும் மகனுக்கும் உண்டான பிளவு இறுதிவரை ஆறவில்லை. முதுமையில் வாதநோயும் கல்லடைப்பும் வருத்தின. நடையை விட்டுச் சதுரங்கப் பலகையின் முன் நெடும்பொழுது அமர்ந்தமையைக் குற்றஞ்சாட்டி, வாதநோயே தம்மோடு வழக்காடுவதாக 1780-இல் ஓர் உரையாடல் எழுதி, தம்மைத் தாமே எள்ளிக்கொண்டார்.

இவையனைத்தினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது மற்றொன்று. அவர் ஏட்டில் நீதி என்னும் வரி இருந்தது. ஆயினும் அவர் தம் வீட்டில் நெடுங்காலம் அடிமைகளை வைத்திருந்தார். தம் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களையும் வெளியிட்டார். அவ்வரியில் அதன்பொருட்டுப் புள்ளி இட்டதாக அவர் எழுதிற்றிலர். இதனால் நாம் அறியத்தக்கது யாது? நாடொறும் தன்னை ஆராய்பவனும், தான் குற்றமென்று கண்டதையே துடைப்பான். ஊரார் அனைவரும் செய்தலாற் குற்றமென்று தோன்றாத ஒன்று, ஏட்டிலே புகாது நின்றுவிடும். நியமம் விளக்கை ஒப்பது. பிடித்த திசையிலே அது ஒளிசெய்யும். திசையைக் காட்டுதற்கு வேறு அறிவு வேண்டும்.

அவ்வறிவு அவர்க்குக் காலந்தாழ்த்தே வந்தது. 1763-இல் நீக்ரோச் சிறுவர் பயிலும் பள்ளியொன்றைச் சென்று கண்டு, அவர் கல்வித்திறம் வெள்ளையர் மக்களின் திறத்திற்குக் குறைந்ததன்று என்று தெளிந்து, தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1787-இல் அடிமை ஒழிப்பை நாடிய பென்சில்வேனியச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், அடிமைமுறையை ஒழிக்க வேண்டுமென்னும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டு நாட்டின் பேரவைக்கு அனுப்பினார். பேரவை அதனை ஏற்றுச் செயற்படவில்லை. இரண்டு திங்கள் கழித்து, ஏப்ரல் 17-ஆம் நாள், தம் 84-ஆம் வயதிற் பிராங்கிளின் காலமானார். இளமையிற் கரும்புள்ளியிடப் பழகிய கை, எண்பது கடந்தபின்னும் தன் வாழ்வின் பெரும்பிழையொன்றைத் திருத்தத் தளரவில்லை எனலாம்.

இறுதியில் வைத்த அறம்

அவர் தம் மரண சாசனத்திலும் சிறியதன் பெருமையையே நாட்டிச் சென்றார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுன் வீதம் வைத்து, அதனை 25 வயதுக்கு உட்பட்ட, மணம்புரிந்த கைத்தொழிலாளர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டிக்குச் சிறுசிறு கடனாகக் கொடுத்து, இருநூறு ஆண்டு பெருக்கும்படி எழுதினார். தாம் இளமையில் தொழில் தொடங்குதற்கு நண்பர் கடன் கொடுத்துதவியதே அதற்குக் காரணம். நூறாண்டு முடிவில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு ஊர் நலத்துக்கு உதவிற்று. பாஸ்டனில் அதனால் தொழிற்கல்விச் சாலை ஒன்று எழுந்தது. 1990-இல் இருநூறாண்டு நிறைந்தபோது, பிலடெல்பியாவின் பங்கு ஏறத்தாழ 20 லக்ஷம் டாலராகவும், பாஸ்டனின் பங்கு 40 லக்ஷத்திற்கு மேலாகவும் பெருகியிருந்தன.

பிராங்கிளின் பதின்மூன்று வாரச் சுற்றை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தாரல்லர். பின்னாளில் ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் பல்லாண்டுக்கு ஒருமுறையுமாகக் குறைந்து, பணிமிகுதியால் முற்றும் நின்றது. ஆயினும் அச்சிற்றேட்டைச் சென்றவிடமெல்லாம் அவர் உடன்கொண்டு திரிந்தார். நியமத்தைக் கைக்கொள்வார் பலர். ஒருநாள் வழுவியதும், இனி என்ன பயன் என்று அறவே கைவிடுவாரும் பலர். வழுவிய நாளைப் புள்ளியிட்டு ஒப்புக்கொண்டு, மறுநாள் வைகறையில் மீண்டும் தொடங்குபவரே அதன் பயனை எய்துவர். குறையின்மையால் வருவதன்று அவ்வின்பம். நாடொறும் மீளத் தொடங்குதலால் வருவது. தத்தம் நாள்நியமங்களிற் குறை நேர்ந்து மனந்தளரும் அன்பர்கள் இதனை ஓர்ந்து, தளர்வின்றி ஒழுகுவார்களாக.